மாதிரிக்குப் பொருந்தாத புல்

அவிநாசியப்பர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. யாரோ சொல்லிக் கேட்டதும் இல்லை. இந்த இரண்டு கண்ணால் பார்த்தது. பொய்யென்றால் இந்தக் கண்ணே அவிந்து போகட்டும்.

எண்பத்தாறு தேர்தலில் ஜெயித்து எங்கள் பேரூராட்சியில் நான் கவுன்சிலராக இருந்தேன். திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். பெயரைச் சொன்னால் இப்போதும் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடலாம். தடுக்கி விழுந்தால் பனியன் கம்பெனி. வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணியெல்லாம் தெருவுக்குத்தான் வரும். கூட்டுகிற பெண்கள் காலையில் அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய், எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவார்கள். மத்தியானம் பக்கத்துப் பஞ்சாயத்துப் பெண்கள் அதையே மேற்கே தள்ளிக்கொண்டு வந்து எங்களிடம் விடுவார்கள். கட்டம் போட்ட ஒரு காலர் துண்டு இப்படி வருஷக்கணக்கில் போய் வந்துகொண்டிருந்தது. அது நைந்து போன அன்று இரண்டு ஊர்ப் பெண்களும் எல்லைக் கல்லில் உட்கார்ந்து ஒரே வெற்றிலையைப் பங்கு போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

தெருவின் லட்சணம் இது. பூங்காவின் கதை வேறு.

ஓடை ஓரத்தில் ஒரு சறுக்குமரம், இரண்டு சிமெண்டு பெஞ்சு, மிச்சமெல்லாம் புல். அதுதான் பூங்கா. காவலுக்கும் பராமரிப்புக்கும் சோணைமுத்து. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். பனியன் கம்பெனிக்கு வந்து, பஞ்சுத் தூசியில் இளைப்பு பிடித்து, தற்காலிகமாகப் பூங்காவுக்கு வந்தவர். பம்பு ரூமில்தான் அவரும் அவர் சம்சாரம் ஒச்சம்மாளும் குடித்தனம்.

குடிக்கிற தண்ணீரே எப்போதாவது வருகிற ஊரில் புல்லுக்கு நல்ல தண்ணீர் யார் விடுவார்கள்? ஓடைத் தண்ணீர்தான். ஓடைக்கு மேல்பக்கம் மயில்சாமியின் சாயப்பட்டறை. பட்டறையில் எந்தக் கலர் ஓடுகிறதோ அந்தக் கலரில் ஓடை ஓடும். ஓடை எந்தக் கலரோ அந்தக் கலரில் புல் முளைக்கும். ஒரு சித்திரையில் மஞ்சள் முளைத்தது. அதை மேய்ந்த பழனாத்தாளின் வெள்ளாடு மஞ்சளாகவே பால் கறந்தது. மஞ்சள் போட்ட பால், சளிக்கு நல்லது என்று அவள் அதை டம்ளர் கணக்கில் விற்றாள். எனக்கும் சளி போயிற்று.

எண்பத்தொன்பது ஐப்பசியில் வினை வந்தது. வெளியூருக்குப் பனியன் ஏற்றிப் போகிற லாரிகளை நிறுத்த இடமில்லை, பூங்காவை லாரி ஸ்டாண்டு ஆக்கலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கோயமுத்தூரிலிருந்து ஓர் அதிகாரி வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார் என்றும், பச்சைப் பசேலென்று இருந்தால் பூங்கா, இல்லாவிட்டால் ஸ்டாண்டு என்றும் முடிவானது. பூங்கா நின்றால் சோணைமுத்துவுக்கு வேலை நிரந்தரம். போனால் வேலையும் போகும், பம்பு ரூமும் போகும்.

அந்த வாரம் புல் ரத்தச் சிவப்பு.

பேரூராட்சித் தலைவர் ஆறுச்சாமி, நான், சோணைமுத்து மூன்று பேரும் மயில்சாமியைப் பார்க்கப் போனோம். மயில்சாமி எழுந்து நின்று கும்பிட்டு, நாற்காலி போட்டு, ஆளுக்கொரு சோடா உடைத்துக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் இவ்வளவு மரியாதை கிடைத்தால் போன காரியம் நடக்காது என்று பொருள்.

"ஏனுங் மயில்சாமி, ரெண்டு நாளைக்குச் செவப்ப நிறுத்தீட்டுப் பச்சை ஓட்டக் கூடாதுங்ளா?" என்றார் தலைவர்.

"ஓட்டலாமுங்க. பச்சைக்கு ஆர்டர் வேணுமில்லீங்க? கிறிஸ்துமஸ்ஸுக்கு வெள்ளக்காரன் செவப்புத்தானுங் கேக்கறான். நீங்க வேணும்னா அவங்கூட ஒரு வார்த்தை பேசிப் பாருங்கொ."

"அவனோட நான் எப்பிடீங் பேசறது?"

"அதேதானுங்க. எனக்கும் அதே கஷ்டம்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சோடா பாட்டிலின் கோலியைப் பார்த்தேன். சோணைமுத்து மட்டும், "அய்யா, அந்தப் பம்பு ரூம விட்டா எங்களுக்குப் போக்கிடம் இல்லங்கய்யா" என்றார். மயில்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் இளகின மனசுக்காரர். இன்னொரு சோடா உடைக்கச் சொன்னார்.

பட்டறையின் சாய மாஸ்டர் கருப்புசாமி அதுவரை ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இதென்னங் பெரிய விசயம்?" என்றார். "புல்லும் நூலும் ஒண்ணுதானுங்க. மொதல்ல ப்ளீச் பண்ணிச் செவப்ப எடுத்துப்போடோணும். அப்பறம் பச்சை குடுத்தாத் தீந்துதுங்க."

யாருக்கும் இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. எந்தக் கேள்விக்கும் சாயம்தான் பதில் என்று பழகிய ஊர். ஆனால் எந்தப் பச்சை என்று கேள்வி வந்தது. தலைவர் கிளிப்பச்சை என்றார். மயில்சாமி பாட்டில் பச்சை என்றார். "மெம்பரே, நீங்க ஒண்ணு சொல்லுங்கொ" என்று என் பக்கம் திரும்பினார்கள். பெரியவர்கள் சொல்லட்டும் என்று ஒதுங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பிசகு நடந்தது. எங்கள் பக்கத்தில் வாங்குகிறவன் மாதிரியைப் பார்த்துச் சரியென்று சொல்லாமல் ஒரு முழத் துணியைக்கூடச் சாயத்தில் நனைக்க மாட்டார்கள். கருப்புசாமி மூன்று பிடி புல்லைப் பிடுங்கி, மூன்று பச்சையில் தோய்த்து, ஓர் அட்டையில் வரிசையாகக் குத்தி, ஏ, பி, சி என்று போட்டு, "கோயமுத்தூர் அய்யா பாத்து எது வேணும்னு சொல்லட்டுமுங்க" என்றார். தலைவருக்கும் அது நியாயமாகப் பட்டது. அட்டை பஸ்ஸில் கோயமுத்தூர் போனது. அன்று சாயங்காலமே போனில் பதில் வந்தது. 'பி' சரி, இன்னும் கொஞ்சம் வெளிறலாக இருந்தால் நல்லது. மாதிரி என்று எது வந்தாலும் ஒரு குறை சொல்லிச் சம்மதிப்பது அதிகாரிகளுக்கு வழக்கம் போலிருக்கிறது.

வியாழக்கிழமை வேலை ஆரம்பித்தது. ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார்கள். பூங்கா முழுக்கத் துவைத்த வேட்டி மாதிரி வெளுத்தது. ஒரு பெஞ்சும் வெளுத்தது. பிறகு சோணைமுத்து பூவாளியில் பச்சைச் சாயத்தை எடுத்துக்கொண்டு பாத்தி பாத்தியாக ஊற்றிப் போனார். ஒச்சம்மாள் பம்பு ரூம் வாசலில் நின்று பார்த்தாள்.

"எங்க ஊர்ல புல்லுக்குத் தண்ணிதான் விடுவாக. இங்க புல்லுக்குப் பவுடர் பூசிப் பொட்டு வைக்கிறீக. பொண்ணு பாக்கவா வாராக?"

"சும்மா இருடி. வெள்ளி போயிட்டா நமக்கு வேலை நெரந்தரம்."

"மழ வந்தா?"

சோணைமுத்து பூவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கருப்புசாமியைப் பார்த்தார். கருப்புசாமி தலையைச் சொறிந்தார். "உப்புப் போட்டுக் கொதிக்க வெச்சாத்தானுங் சாயம் நிக்கும். புல்லைக் கொதிக்க வெக்க முடியுங்ளா? பாக்கலாமுங்க, சாமி விட்ட வழி."

தோட்டக்காரன் மழை வேண்டாமென்று கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது வானம் கறுத்து நின்றது. பட்டறையிலிருந்து ஒரு தார்ப்பாயைக் கடன் வாங்கி, சோணைமுத்து ஒரு முனை, ஒச்சம்மாள் ஒரு முனை, தலைவர் ஒரு முனை, நான் ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு புல்லுக்கு மேலே நின்றோம். பூங்கா பெரியது, தார்ப்பாய் சிறியது. மழை எந்த மூலையில் விழும் என்று பார்த்து ஓடி ஓடிப் பிடித்தோம். கடைசியில் அது எல்லா மூலையிலும் விழுந்தது. கார்த்திகைக்கு வைத்திருந்த மழையையும் சேர்த்தே கொட்டினாற்போல இருந்தது. பச்சை கரைந்து, எங்கள் கால் வழியே ரோட்டுக்கு இறங்கியது. சோணைமுத்து இரண்டு கையாலும் அதை அணை கட்டிப் பார்த்தார். விரல் சந்தில் எல்லாம் ஓடியது. ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்.

ஜீப் அப்போது வந்தது. அதிகாரி வழக்கமாக இறங்க மாட்டாராம். ஜீப்பில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போய்விடுவாராம். இதை டிரைவரே பிறகு என்னிடம் சொன்னான். அன்றைக்குக் கையில் அட்டை இருந்தது. மாதிரியோடு வைத்துப் பார்க்க வேண்டுமே, அதனால் இறங்கினார். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. இரண்டாவது அடியில் வழுக்கி, ஓடுகிற பச்சையில் உட்கார்ந்தார்; எழுந்திருக்கப் பார்த்து மறுபடி படுத்தார். எல்லோருமாகத் தூக்கி நிறுத்தினோம். வெளுத்த புல்லுக்கு நடுவில், பூங்காவில் பசுமையாக இருந்தது அவர் ஒருவர்தான். ஆனால் நியாயமான மனிதர். கோபப்படவில்லை. அட்டையைப் புல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தன் சட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சட்டை மாதிரியோடு பொருந்துகிறது. புல் பொருந்தவில்லை" என்றார்.

"அய்யா, மழைங்கய்யா..." என்றார் சோணைமுத்து.

"மழைக்கு நான் என்னப்பா செய்ய முடியும்?"

அவராலும் முடியாதுதான். ஜீப் போய்விட்டது. தலைவர் என்னிடம், "நாமளும் என்னங் பண்றது?" என்றார். தார்ப்பாயை மடித்துக் கொடுத்தோம். அதுதான் எங்களால் முடிந்தது.

தை பிறப்பதற்குள் சறுக்குமரத்தைப் பிடுங்கிவிட்டு, ஒரு மேஸ்திரியை வைத்துத் தரைக்குக் கல் பாவ ஆரம்பித்தார்கள். லாரிகள் வந்தன. பம்பு ரூம் டயர் போட்டு வைக்கிற இடமானது. ஒச்சம்மாள் ஒரு கம்பெனியில் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறு நூல் வெட்டப் போனாள். சோணைமுத்துவுக்குப் போக மனசில்லை. காலையில் வந்து பூங்காவின் பழைய கேட்டடியில் உட்காருவார், இருட்டினதும் எழுந்து போவார்.

ஒரு நாள் என்னை வழிமறித்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கேட்டுத் தூணுக்குப் பக்கத்தில், கல் பாவாமல் விட்ட ஒரு சாண் மண்ணில் ஒரு கொத்துப் புல்.

"குடிக்கிற தண்ணியில என் பங்க ஊத்தி வளத்தேண்ணே. சாயத் தண்ணி ஒரு சொட்டு படல. ஆனா மேஸ்திரி இது செவப்புங்கிறான், பேத்துப்புட்டுக் கல்லு பாவணுங்கிறான். எனக்குப் பச்சையாத்தான் தெரியுது. நான் ஆசையில சொல்லுறேன்னு சிரிக்கிறாக. நீங்க மெம்பரு. நீங்க பாத்து ஒரு வார்த்த சொல்லிப்புட்டா, இந்த மூலைய மட்டும் விட்டுருவாக."

லாரிக்காரர்கள் கூடிவிட்டார்கள். மேஸ்திரி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான். நான் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாளாக ஒதுக்கிப் பார்த்தேன்.

"பச்சை" என்றேன். "நல்ல பச்சை."

சோணைமுத்து அழுதுவிட்டார். மேஸ்திரி, "மெம்பரு சொன்னாச் செரிங்க" என்று என்னைக் கும்பிட்டான். மத்தியானத்துக்குள் அங்கேயும் கல் பாவிவிட்டான்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிறவியிலிருந்தே ஒரே நிறமாகத்தான் தெரியும்.