துளை போட்ட விதை

கல்யாண முருங்கை விதையைக் கோத்து மாலையும் வளையலும் செய்கிற பட்டறையில் துளை போடுகிறவள் அக்கா. வேலையில் புலி, வாயில் அதைவிடப் பெரிய புலி. இலையெல்லாம் கொட்டிவிட்டுக் கிளை நிறையச் சிவப்புப் பூவோடு வாசலில் நிற்கும் மரத்தைப் பார்க்கும்போதெல்லாம், சோறு போடுகிற மகராசி என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

தங்கை மகன் தத்தக்கா பித்தக்கா என்று நடக்கத் தொடங்கியதும், நல்ல சிவப்பாகப் பார்த்து விதை பொறுக்கி, தானே துளையிட்டு, அவனுக்கு ஒரு வளையல் கோத்துப் போட்டாள். பெரியம்மா என்றால் சும்மாவா?

இன்று மதியம் தங்கை போனில் அழுதாள். வளையல் அறுந்துவிட்டதாம். சிதறியதைப் பொறுக்குவதற்குள் பையன் சில விதைகளை விழுங்கிவிட்டானாம்.

அக்கா சிரித்தேவிட்டாள். அவர்கள் வீட்டில் இது பழங்கதை. தங்கையே தவழ்கிற வயதில் மரத்தடியில் கிடந்த விதைகளை அள்ளி விழுங்கியவள்தான். அம்மா ஊரைக் கூட்டி அழுதாள். மறுநாள் அத்தனையும் பளபளவென்று அப்படியே வெளியே வந்தன. அன்றிலிருந்து வீட்டில் சாவி தொலைந்தால்கூட, "நாளைக்கு வந்துடும்" என்பதுதான் கேலி.

"முழுசாப் போனது முழுசா வந்துடும்டி, நீயே அதுக்கு சாட்சி. பால் குடுத்துத் தூங்க வை," என்றாள்.

ஒரு தட்டு விதைக்குத் துளை போட்டு முடித்தபின்தான் காலடியில் கோழியைக் கவனித்தாள். பக்கத்து வீட்டுக் கோழி. தினமும் வரும், தினமும் விரட்டுவாள். இன்று போன் பேச்சில் விட்டுவிட்டாள். விதையைத் துளைக்கும்போது கொட்டுகிற மாவின் நடுவே அது உட்கார்ந்திருந்தது. அலகெல்லாம் வெள்ளை. சூ என்றாள், எழவில்லை. கையில் தூக்கினாள். கண் திறந்துதான் இருந்தது, கழுத்து மட்டும் துணி மாதிரித் தொங்கியது.

மாவுக் கையோடு வாயைத் தொடாதே என்று முதலாளி ஓயாமல் சொல்வது அப்போதுதான் உறைத்தது. இந்த விதைக்குள் இருக்கிற விஷத்துக்கு ஓடுதான் காவல். தங்கை விழுங்கியது ஓடு உடையாத விதை. பையன் விழுங்கியதோ, இவள் தன் கையால் துளைத்தது. கோழியைக் கீழே விட்டுவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டாள்.

வெகுநேரம் மணி அடித்தபின் தங்கை எடுத்தாள். பக்கத்தில் குழந்தை தூங்குவதால் கிசுகிசுவென்று பேசினாள்.

"நீ சொன்னப்புறம்தான்க்கா எனக்கு உசுரே வந்துச்சு. இப்படி அசந்து தூங்கி நான் பார்த்ததே இல்ல. தோள்ல போட்டா கழுத்துகூட நிக்கல."

"அவனை எழுப்பு," என்றாள் அக்கா. "எழுப்பித் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு."

கண்ணா என்று தங்கை கூப்பிடுவது போனில் கேட்டது. மறுபடியும் கூப்பிட்டாள்.