ஓடிபி போன இடம்

காலையிலிருந்து லேசாக ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாவது மாதத்தில் இப்படி ஆனால் பயப்படாமல் என்ன செய்வது? நாகல் நகரில் வேலை பார்க்கும் துணிக்கடையில் சொல்லிவிட்டு, வினிதா ஆட்டோ பிடித்து அரசு சுகாதார நிலையத்துக்கு வந்தாள்.

பதிவு செய்யும் இடத்தில் நர்ஸ் தீபா அவளுடைய ஆதார் அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"உங்களுக்கு ஹெல்த் ஐடி நம்பர் இன்னும் போடலையே. இப்பப் போட்டுருவோம். போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

வினிதா தன் போனைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"முப்பத்தேழுல முடியிற நம்பருக்குப் போயிருக்கு."

அது அவள் கணவன் யோகேஷின் நம்பர். கல்யாணமான புதிதில் ஆதாரில் முகவரி மாற்றியபோது, தன் நம்பரையே அவன் கொடுத்திருந்தான். அவளுக்கென்று அப்போது போன் கிடையாது. வத்தலக்குண்டு வீட்டைவிட்டு உடைந்த மணிக்கட்டோடு அவள் கிளம்பி மூன்று மாதமாகிறது. எங்கே இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. வயிற்றில் பிள்ளை இருப்பதும் தெரியாது.

"சிஸ்டர், அந்த மெசேஜ்ல என்ன இருக்கும்?"

"ஓடிபி இருக்கும், எங்க ஆஸ்பத்திரி பேரும் வரும். ஏம்மா?"

வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி வினிதா குனிந்தாள். "அது என் வீட்டுக்காரர் நம்பர். அடி தாங்காம ஓடி வந்திருக்கேன்."

தீபாவின் கை கீபோர்டில் அப்படியே நின்றது.

"நம்பர் இல்லாமப் பாக்க ஏலாதா?"

"இன்னிக்குத் தாள்ல எழுதித் தாரேன். ஆனா ஸ்கேனு, பிரசவம், எதுக்குப் போனாலும் நம்பர் கேப்பாங்க. ஆதார்ல போன் நம்பரை மாத்திட்டு வாம்மா."

அப்போதே ஓடிவிடக் கால் பரபரத்தது. டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, "பிள்ளை நல்லா இருக்கு. சாயங்காலம் வரைக்கும் படுக்கையை விட்டு எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. வத்தலக்குண்டிலிருந்து பைக்கில் வர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட அவளுக்கு மனம் வரவில்லை. வாசல் பக்கம் காதைக் கொடுத்தபடியே கிடந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குரல் கேட்டது. பணிவாகத்தான் பேசினான்.

"வினிதான்னு என் சம்சாரம், இங்க வந்திருக்கா. செத்த பாத்துச் சொல்லுங்க சிஸ்டர்."

தீபா தட்டிப் பார்க்கும் சத்தம். "அப்படி யாரும் பதிவாகலையே."

"எனக்கு ஓடிபி வந்துருக்கே."

"அதைக் குடுத்தாத்தான் பதிவாகும். யாரும் குடுக்கலை. அப்ப ஆளு இல்லைன்னுதான் அர்த்தம்."

செருப்புச் சத்தம் வாசல் பக்கம் நகர்ந்தது.

"பரவால்ல. வாசல்லயே உக்காந்திருக்கேன். உள்ள இருந்தா வெளிய வந்துதான ஆகணும்."

வினிதா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் தீபா வந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"பின்பக்கம் வழி இருக்கா சிஸ்டர்?"

"ஒரே வாசல்தாம்மா. மகளிர் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டுட்டேன். வாரோம்னாங்க."

"எப்ப?"

"அதைச் சொல்லலையேம்மா" என்று தீபா மறுபடியும் போனை எடுத்தாள். வெளியே பெஞ்சை இழுத்துப் போடும் ஓசை கேட்டது.