பீச் பழப் பாட்டிலின் வட்டம்

இப்போது பதினாறாவது மாடியில் இருக்கிறேன். குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டுகிறது. சௌகரியந்தான். ஆனால் அக்கம்பக்கத்து முதுகு ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை.

பெய்ஜிங்கில் எங்கள் பழைய சந்தில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து குடும்பங்கள். குளிக்க வேண்டுமானால் சனிக்கிழமை பொதுக் குளியல் கூடத்துக்குப் போக வேண்டும். யாருக்குத் தொப்பை விழுந்திருக்கிறது, யார் முதுகில் வலிக்குச் சூடான கண்ணாடிக் குப்பி கவிழ்த்த வட்டத் தடம் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே பொதுச் சொத்து. பெண்கள் பக்கத்துச் சேதியை நான் பார்த்துக்கொள்வேன். ஆண்கள் பக்கத்துக்கு என் வீட்டுக்காரர்.

ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, காதோரம் சோப்பு நுரைகூடக் காயாமல் வந்து உட்கார்ந்தார்.

"ஷென் அண்ணன் முதுகுல ஏழு வட்டம். கத்திரிக்கா நிறத்துல."

கையிலிருந்த முட்டைக்கோஸைக் கீழே வைத்துவிட்டேன். எதிர் அறை ஷென், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நான்கு வருடம். தனிக்கட்டை. நெருப்புப் பஞ்சைக் காட்டிக் குப்பியைத் தன் முதுகில் தானே கவிழ்த்துக்கொள்ள எந்த மனிதனுக்கும் கை எட்டாது.

"ஆஸ்பத்திரில வச்சிருப்பாங்க."

"அங்க எல்லாம் ஒரே அளவு. இதுல ஆறு சின்னது. நடு முதுகுல ஒண்ணு மட்டும் கஞ்சிக் கிண்ணம் அகலம்டீ."

அந்த அகலம் எனக்குத் தெரியும். சர்க்கரைப் பாகில் ஊறிய மஞ்சள் பீச் பழம் வரும் பாட்டில். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போவது. அந்த வருடம் எங்கள் முற்றத்தில் காய்ச்சலில் படுத்தது மூலை அறை விதவை கூ மட்டும். பாட்டில் வாங்கிக் கொடுத்தது நான்.

ஷென்னின் மகள் தாதோங் நகரத்திலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். புத்தாண்டுக்குள் அறையைக் காலி செய்துவிட்டு அப்பா தன்னோடு வந்துவிட வேண்டுமாம். அந்தப் பேச்சு வந்தாலே கூ எழுந்து உள்ளே போய்விடுவாள். எனக்கு இரண்டும் சேர்ந்து விளங்கியது அன்றைக்குத்தான்.

மறுநாள் போனேன். "கூ அக்கா, அந்தப் பீச் பாட்டில் இருந்தா குடுங்க. பூண்டு ஊறப்போடணும்."

"ஒடஞ்சு போச்சு," என்றாள். கழுத்துவரை சிவந்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் பாட்டில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். அவளும் அப்படித்தானாம். சாயங்காலத்துக்குள் சந்து முனையில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்பவன்கூட, "பஸ்காரருக்கு யாரு பாட்டில் வைக்கறாங்களாம்?" என்று கேட்டான்.

கூ கதவைச் சாத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் வாரா வாரம் சேதி கொண்டுவந்தார். வட்டங்கள் அடுத்த சனிக்கிழமை தேயிலை நிறம். அதற்கடுத்த வாரம் வெளிர் மஞ்சள். பிறகு வெறும் முதுகு. "மனுஷன் குனியவே முடியாம சோப்புக்குத் தடவறாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்," என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மகள் வந்தாள். மதியம் பெட்டியைக் கட்டினார்கள். ஷென் அதைத் தூக்கப்போய்ப் பாதியில் முதுகு பிடித்துக்கொண்டு, கொக்கி மாதிரி வளைந்து நின்றார். நான் கூவின் கதவைத் தட்டினேன்.

"அக்கா, ஷென் அண்ணனுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. பாட்டில் இல்லாட்டி பரவால்ல. எங்க வீட்டு ஊறுகா ஜாடிய வச்சு நானே போட்டு விட்டுடறேன்."

அவளுக்கு என் கைவரிசை தெரியும். என் வீட்டுக்காரர் தோளில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

"நீயா? போன தடவ உன் புருஷன் முதுகுல ரொட்டி சுட்டியே."

"வேற யாரு இருக்கா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கூடையில் பாட்டில்களை அடுக்கினாள், பீச் பாட்டிலை மேலாக வைத்து. பட்டப்பகலில், ஐந்து வீட்டு ஜன்னலும் பார்த்திருக்க, குளிர்காலத்துக்குக் குவித்திருந்த முட்டைக்கோஸின் மறைவில் ஒதுங்காமல் நடு முற்றத்தில் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன், யாரும் கூப்பிடாமல்.

கதவைத் திறந்த மகளைத் தாண்டி கூ நேரே உள்ளே போனாள். "சட்டையக் கழட்டுங்க. ஜன்னல சாத்தும்மா, காத்து படக்கூடாது," என்றாள்.

ஷென் சின்னப் பிள்ளை போலக் குப்புறப் படுத்தார். பஞ்சு எரிந்த சாராய வாடை. டப் டப்பென்று பாட்டில் பிடிக்கும் சத்தம். மகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

"இதுக்கு முன்னாடியும் நீங்கதானா?"

"ஆமா," என்றாள் கூ. "இனியும்."

ஷென் தலையணைக்குள்ளிருந்தே சொன்னார்: "பெட்டியப் பிரிச்சுடும்மா."

அடுத்த சனிக்கிழமை ஒன்பது வட்டம். குளியல் கூடத்தில் அவர் முதுகைத் துண்டால் மூடக்கூட இல்லையாம்.

எங்கள் சந்து இடிபட்டுப் பல வருடமாகிறது. இங்கே வீட்டுக்கு வீடு குளியலறை. நான் பார்க்கிற முதுகு என் வீட்டுக்காரருடையது ஒன்றுதான். அதில் புதுச் சேதி எதுவும் இல்லை.