மாப்பிள்ளை கேட்ட மைலேஜ்

மாப்பிள்ளை ஒன்று கேட்டு ஒச்சப்பன் இல்லை என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. திண்டுக்கல் நாகல் நகரில் பத்து வருஷமாக மெக்கானிக் கடை வைத்திருப்பவன். வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவனுக்குத் தங்கை சண்முகவள்ளியின் புருஷன் பொன்னழகு வந்து நின்றால் வாயில் கொழுக்கட்டைதான். பெண்ணைக் கொடுத்த வீடு, அடங்கித்தான் போக வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே அப்படி ஆகிப்போனான்.

இரண்டாயிரத்து ஏழில் பொன்னழகு ஒரு க்ரூஸர் வண்டி வாங்கினார். தாழ்ந்த சீட்டு, உயர்ந்த ஹேண்டில், காலை முன்னால் நீட்டி ஜமீன்தார் மாதிரி உட்காரலாம். ஆறே மாதத்தில், வண்டி இழுக்கவில்லை என்று குறை வந்துவிட்டது. கோயம்புத்தூரில் ரேஸ் ஓட்டுகிறவர்கள் மாட்டும் டியூனர் பெட்டியைப் பற்றி யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். ஒச்சப்பன் இரண்டு பெட்டிகளைத் தருவித்துக் காட்டினான். ஒன்று சாது, மாட்டினால் மாட்டினதுதான். இன்னொன்றில் ஒன்று முதல் ஒன்பது வரை திருகு உண்டு, எண் ஏற ஏற இழுவை ஏறும்.

"இது போதும் மாப்ள. நம்ம ஊரு வெயிலுக்கு இதுதான் தாங்கும்" என்று சாதுவைத்தான் ஒச்சப்பன் நீட்டினான்.

"திருகு வச்சதப் போடுங்க மச்சான். புடிப்பு வேணும். ஆனா ஒண்ணு, மைலேஜு குறையக் கூடாது. இப்ப நாப்பதுதான் குடுக்குது. இன்னும் அஞ்சு கூடணும்."

அங்கேதான் சிக்கல். இந்தப் பெட்டி தீப்பொறியை முன்கூட்டியே விழவைக்கும். இழுவை கூடும், கூடவே சூடும் கூடும். அந்தச் சூட்டை அடக்கப் பெட்ரோலைக் கூடுதலாக விட வேண்டும். மாப்பிள்ளை குறைக்கச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்ஜின் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். இது அவனுக்குத் தெரியாதா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"சரிங்க மாப்ள" என்றான்.

பெட்டியை மாட்டினான். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்ன ஓட்டை ஜெட்டைப் போட்டான். திருகை மூன்றில் நிறுத்தினான். பொன்னழகு குனிந்து தன் கையாலேயே அதை ஏழுக்குத் திருப்பினார். அப்போதும் ஒச்சப்பன் சிரித்துக்கொண்டுதான் நின்றான். செம்பட்டி வரை விரட்டிப்போய்த் திரும்பிய மாப்பிள்ளை, "சும்மா பறக்குது மச்சான்!" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டுக்கு இவன் உச்சி குளிர்ந்துபோனான், மடையன்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் கடை வாசலில் வந்து நின்றார்கள். கொடைரோட்டில் பொன்னழகின் அக்கா மகளுக்குக் காதுகுத்து. சண்முகவள்ளி பட்டுச்சேலை கட்டி, மடியில் சீர்ப் பையை வைத்து, ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள்.

"காலையில ஸ்டார்ட் ஆக முரண்டு பண்ணுச்சு. செத்த பாருங்க மச்சான்."

ஒச்சப்பன் பழைய பிளக்கைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதுசை மாட்டினான். வண்டி உறுமியது. "வாரேண்ணே" என்று தங்கை கையசைத்தாள். போய்விட்டார்கள்.

அப்புறம்தான் துணியைப் பிரித்துப் பார்த்தான். செங்கல் நிறத்தில் இருக்க வேண்டிய பிளக் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதன்மேல் பொடிப் பொடியாய் ஏதோ மினுங்கியது. நகத்தால் சுரண்டினான். அலுமினியம். பிஸ்டன் உருகிக்கொண்டிருக்கிறது.

 உருகிய பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வினால் பின்சக்கரம் சுற்றாது. எண்பதில் போகிற வண்டி ரோட்டிலே அப்படியே நிற்கும், பின்னால் வரும் லாரி நிற்காது. அவளோ ஒரு கையால் பையை அணைத்துக்கொண்டு, மறு கை விரலால் சீட்டைத் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருப்பாள். செல்போனில் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

சர்வீஸுக்கு வந்திருந்த யாருடைய வண்டியையோ எடுத்துக்கொண்டு மதுரை ரோட்டில் பறந்தான். ரோட்டோரம் நாலு பேர் கூடி நின்றாலும் உயிர் போய் உயிர் வந்தது. ஓரிடத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்றது. அதன் சக்கரத்துக்கு அடியில் பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை மூடித் திறந்தான். டயர் பஞ்சர், அவ்வளவுதான். 'ஆத்தா, அவளை மட்டும் விட்டுரு' என்று வாய்விட்டே அழுதான்.

சின்னாளபட்டி பிரிவில் அந்த க்ரூஸர் நின்றது. சேர்ந்து போகச் சொந்தக்காரர்களின் வேனுக்காகக் காத்திருந்தார்கள், வேனும் வந்துவிட்டது. பொன்னழகு க்ரூஸரில் ஏறிச் சாவியைப் போட்டுவிட்டார், சண்முகவள்ளி பின்னால் ஏறப் போனாள். ஒச்சப்பன் ஓட்டி வந்த வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினான்.

வேனுக்குள் பேச்சு நின்றது. பொன்னழகின் முகம் கறுத்துவிட்டது. "நாலு பேரு பாக்க ரோட்டுல வச்சு என் சாவியப் புடுங்குறீரா?"

"வண்டிய எடுக்காதீக மாப்ள. இன்ஜின் கவ்விரும். நான் செஞ்ச வேலை தப்பு."

"இம்புட்டு தூரம் வந்துச்சுல்ல? குடுமய்யா!" சாவியைப் பறித்து மாட்டி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். 'கட்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கிக்கரை மிதித்தார். இறங்கவில்லை. எழுந்து நின்று முழு உடம்பையும் போட்டு மிதித்தார். பாறையை மிதித்தது மாதிரி இருந்தது. நின்ற இடத்திலேயே பிஸ்டன் கவ்விவிட்டது. அவர் மெல்ல இறங்கி, ரோட்டில் சீறிப்போகும் லாரிகளைப் பார்த்தார். 

ஒச்சப்பன் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டான். உயிர் தப்பியது. இனி மாப்பிள்ளை நூறு திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம்.

திட்டவில்லை. சண்முகவள்ளிதான் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது இப்பத்தான் தெரிஞ்சுச்சாண்ணே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்ல வாய் வரவில்லை.

"நேத்தே தெரியும்த்தா."

"அவருக்குப் பயந்துக்கிட்டு என்னைய ஏத்தி அனுப்பிச்சியா?"

அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏறினாள். வேன் கிளம்பியது. ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள், வாரேன் என்று கையசைக்கவில்லை.