நீலக் கோட்டு மாப்பிள்ளை

செஞ்சி பஜாரில் முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டுப் பித்தானையும் போட்டுக்கொண்டு வியாபாரம் செய்கிற ஒரே மனிதர் அரங்கநாதன்தான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த ராஜகிரிக் கோட்டைப் பாறை சாயங்காலம் அதை ஊர்மேல் ஊத ஆரம்பித்ததும், மற்ற கடைக்காரர்கள் பனியனோடு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அரங்கநாதன் மட்டும் தன் துணிக்கடைக்குள் பெல்ட்டும் ஷூவும் ஒரே பழுப்பில், கழுத்துப் பித்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருப்பார்.

"வேர்வை உள்ளுக்குள்ள ஓடணும், வெளிய தெரியக் கூடாது. அதான் ஃபார்மல்" என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சி கடையோடு நின்றிருந்தால் மகள் பிரவீணாவுக்குத் தலைவலி பாதியாகக் குறைந்திருக்கும். நிற்கவில்லை. தினமும் விடிந்ததும் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் 'இன்றைய உடைக் குறிப்பு' என்று ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் அவர் பல் தேய்ப்பார். 'டையின் நுனி பெல்ட்டைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது.' அந்தக் குழுவில் டை கட்டுகிறவர் யாருமில்லை. 'அன்றாடச் சட்டைக்குக் காலர் மெத்தென்று இருக்கலாம், விழாச் சட்டைக்கு விறைப்பாக நிற்க வேண்டும்.' 'வாசனைத் திரவியம் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்தால் போதும், பஸ் ஸ்டாண்டுக்குத் தெரிய வேண்டாம்.' 'மூக்கு முடியை வாரம் ஒருமுறை கவனிக்கவும்.' கடைசிக் குறிப்புக்கு எண்ணெய்க்கடைக்காரர், "காலங்காத்தால இன்னாண்ணே இது, இட்லி எறங்கல" என்று பதில் போட்டிருந்தார்.

இத்தனை சட்டத்துக்கும் அத்தாட்சியாகக் கல்லாவுக்கு மேலே அவர் படம் தொங்கியது. வியாபாரிகள் சங்கத்துக்குத் துணைத் தலைவரானபோது எடுத்தது. கருநீலக் கோட்டு, சிவப்பு டை, மடிப்புக் கலையாத மார்பு. துணி எடுக்க வருகிறவர்களிடம் குச்சியால் அதைச் சுட்டிக்காட்டுவார். "ஷோல்டர பாரு. ஒரு சுருக்கம் இருக்குதா?" இருக்காது. மேல்மலையனூர் அமாவாசைக்குப் பஸ் மாறுகிற அவசரத்தில், மாற்றுக்கு ஒரு வேட்டி வாங்க ஓடிவருகிறவனும் அந்தத் தோளைப் பார்த்து ஆமாம் போட்டுவிட்டுத்தான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

இந்தச் சட்டங்களில்தான் பிரவீணாவின் கல்யாணம் சிக்கிக்கொண்டிருந்தது. ஜாதகம் பொருந்தும், குடும்பம் பொருந்தும், அம்மா ஞானம்பாளுக்கும் பிடிக்கும். பையனின் போட்டோ வந்ததும் அரங்கநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கையில் வாங்குவார், அவ்வளவுதான். திண்டிவனத்து வாத்தியாருக்குப் பேண்ட் கணுக்காலில் மடிந்து கிடந்தது. "கால் நீளமே தெரியாதவனுக்கு இன்னா தெரியும்?" விழுப்புரத்து என்ஜினீயர் கறுப்புக் கோட்டே போட்டிருந்தான். "கோட்டு போட்டா ஆச்சா? ஷோல்டர் தொங்குது. எவன்கிட்டயோ எரவல் வாங்கியிருக்கான்." திருவண்ணாமலைக்காரனும் கறுப்புக் கோட்டுத்தான். அவனுக்கும் தோள் தொங்கியது.

அந்த மூன்று பேருக்காகப் பிரவீணா வருத்தப்படவில்லை. அவள் மனசு வேறோர் இடத்தில் இருந்தது. அனந்தபுரத்தில் பால் சங்கத்தில் அவள் கணக்குப் பார்க்கிறாள். அதே ஊர் மாட்டு டாக்டர் அருண்பிரசாத். சங்கத்து மாடுகளுக்கு ஊசி போட வந்துபோன பழக்கத்தில் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. காதல் என்று சொன்னால் வீட்டில் இரண்டு வருஷம் வாக்குவாதம் நடக்கும்; தரகர் மீனம்பாள் மூலமாகப் போனால் இரண்டு மாதத்தில் பந்தக்கால். இருவரும் யோசித்து மீனம்பாளைப் பிடித்தார்கள். ஜாதகத்தைக் கேட்டால் அதுவும் நல்லபிள்ளையாகப் பொருந்தித் தொலைத்தது.

அருண்பிரசாத் அனுப்பிய போட்டோவில் அவன் காலர் நைந்த டி-ஷர்ட்டில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு, புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். பிரவீணாவுக்கு உலகத்திலேயே பிடித்த போட்டோ அது.

அரங்கநாதன் அதை வெகுநேரம் பார்த்தார். "கன்னுக்குட்டி நீட்டா இருக்குது" என்றார். "இவன்தான் சரியில்ல."

"கவர்மெண்ட் டாக்டருங்க" என்றாள் ஞானம்பாள். "வேல செய்யும்போது எடுத்தது. மாட்டுக்குப் பிரசவம் பாக்கறவன் டையா கட்டிக்குனு போவான்?"

"கட்டிக்குனு போனா மாடு வேணாம்னா சொல்லுது? பொண்ணு கேக்கறவன் மொதமொத அனுப்பற போட்டோவுக்கே இந்த மரியாதைன்னா, நாளைக்குக் கல்யாண மேடைக்கு லுங்கிலதான் வருவான். வேற போட்டோ இருந்தா அனுப்பச் சொல்லு. ஃபார்மலா!"

பிரவீணா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தலையணையை இரண்டு குத்து குத்தினாள். பிறகு அருண்பிரசாத்துக்குப் போன் போட்டாள்.

"உங்ககிட்ட கோட்டு இருக்குதா?"

"மழைக்கோட்டு இருக்குது."

"டாக்டர், நான் சீரியஸா கேக்கறேன்."

"நானும் சீரியஸாத்தான் சொல்றேன். வேணும்னா எங்கம்மா பீரோல நல்ல சட்ட ஒண்ணு இருக்குது. பொத்தான் இல்ல."

மறுநாள் அவன் பாஸ்போர்ட் போட்டோவைத் தூக்கிக்கொண்டு பிரவீணா ரபீக்கின் ஸ்டூடியோவுக்குப் போனாள். பஜாரில் பாதிக்கு மேல் முகங்களைப் படம் பிடித்தவன் ரபீக். கோட்டு இல்லாதவனுக்குக் கம்ப்யூட்டரில் கோட்டு மாட்டிவிடுவது அவன் தொழிலில் ஒரு பகுதி. ஹால் டிக்கெட்டிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் அதற்குக் கிராக்கி. தலை மட்டும் நம்முடையது. கழுத்துக்குக் கீழே ரபீக் பார்த்துக்கொள்வான்.

"மொத்தம் மூணு கோட்டும்மா என்கிட்ட" என்று திரையில் காட்டினான். தலையில்லாத மூன்று கனவான்கள் வரிசையாக நின்றார்கள். "கறுப்பு வேணுமா? அதான் நல்லா ஓடுது. போன மாசம் விழுப்புரத்துப் பையனுக்கும் திருவண்ணாமலைப் பையனுக்கும் அதான் போட்டேன். இங்க உறவுக்காரங்க வூட்ல தங்கியிருந்தாங்களாம்."

பிரவீணா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருமா? எங்க நைனா ரெண்டு பேருக்கும் ஷோல்டர் தொங்குதுன்னு சொன்னாருண்ணே!"

"தொங்கும். அது கொஞ்சம் தொங்கற கோட்டு."

"சாம்பல் கலர்?"

"அத வேணாம்னு நானே சொல்லிடறேன். தேர்தலப்போ ஒருத்தர் அதுலதான் ஊர் பூரா பேனர் வெச்சாரு. டெபாசிட் போயிடுச்சு."

"அப்ப அந்த நீலத்த போடுங்க."

ரபீக் மவுஸிலிருந்து கையை எடுத்தான். கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தான். "அது உங்க நைனா போட்டிருக்கறதும்மா."

"அதே மாதிரியா?"

"மாதிரி இல்ல, அதேதான். சங்கத்துக்குப் படம் வேணும்னு வெள்ளச் சட்டயோட வந்து உக்காந்தாரு. கோட்டு நான் போட்டது. வெளிய சொல்லாதன்னு சொன்னாரு. இந்த நிமிஷம் வரைக்கும் சொல்லல பாத்துக்கோ."

ஆண்டுக்கணக்காக ஊருக்கே குச்சியால் காட்டிய தோள்! பிரவீணாவுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடத்தில் எரிச்சல்தான் மண்டிக்கொண்டு வந்தது. அந்தத் தோளுக்கு முன்னால் நிற்க முடியாமல் இரண்டு மாப்பிள்ளைகள் போட்டோவோடு நின்றுபோயிருக்கிறார்கள்.

"அதையே போடுங்கண்ணே" என்றாள். "ஒரு சுருக்கம்கூட வரக் கூடாது."

போட்டோ போன அன்றைக்கு அரங்கநாதன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். "ஏ ஞானம், இத வந்து பாரு! இவன்யா மனுஷன்! இந்த ஷோல்டர பாரு. மாட்டு டாக்டர்கிட்ட இப்படி ஒரு கம்பீரமா!" போனை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "எங்கயோ பாத்த கம்பீரமா வேற இருக்குது." ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிடு என்று மீனம்பாளுக்கு அவரே பேசினார்.

சனிக்கிழமை பிரவீணா அருண்பிரசாத்துக்குப் பாடம் நடத்தினாள். "கோட்டு எங்கன்னு கேட்டா லாண்டரின்னு சொல்லணும். முழுக்கைச் சட்ட, இன் பண்ணிக்குனு, ஷூ. செருப்ப மட்டும் போட்டுக்குனு வந்துடாதீங்க. பெல்ட்டும் ஷூவும் ஒரே கலர். சொல்லுங்க பாக்கலாம்."

"லாண்டரி. முழுக்க. ஷூ. பெல்ட்டு எங்க இருக்கும்னு தெரியல."

"தேடுங்க! இதுல நம்ம கல்யாணமே இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரம் தாண்டித்தான் வண்டி வந்தது. பனமலைப் பக்கம் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிப்பதாகப் போன் வந்திருந்தது. மாப்பிள்ளை வழியில் இறங்கி அந்தக் காரியத்தை முடித்துவிட்டு வந்திருந்தான். முழுக்கைச் சட்டைதான், கை முட்டிக்கு மேலே சுருட்டியிருந்தது. ஷூவை வண்டியிலேயே விட்டிருந்தான், அது இருந்த நிலைமை அப்படி. மாட்டுத் தொழுவத்தின் பச்சை வாசனை அவனுக்கு முன்பாகவே கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே அவன் அம்மா வளர்மதி பூவும் பழமும் சுமந்துகொண்டு வந்தாள்.

"கன்னு நல்லாருக்குதா?" என்று ஞானம்பாள் கேட்டாள்.

"கிடாரிங்க. பொழச்சிடுச்சு" என்று அவன் முகமெல்லாம் மலர்ந்தான்.

அரங்கநாதன் முகம் மலரவில்லை. அவர் முழு ஃபார்மலில், மின்விசிறிக்கு நேராக, இஸ்திரிப்பெட்டியை விழுங்கியவர்போல் உட்கார்ந்திருந்தார். "தம்பி, போட்டோல ஒரு கோட்டு போட்டிருந்தீங்களே..."

காபித் தட்டோடு வந்த பிரவீணா அருண்பிரசாத்தை முறைத்தாள். லாண்டரி, லாண்டரி என்று அவள் உதடு அசைந்தது.

அவன் "லா..." என்று ஆரம்பித்து அதோடு நின்றான். மாட்டிடம்கூடப் பொய் சொல்லத் தெரியாதவன். அந்த இடைவெளியில் வளர்மதி புகுந்தாள். "கோட்டா? இவனா? நல்லதா ஒரு சட்ட கிடையாதுங்க இவன்கிட்ட. இந்தச் சட்டைக்கே காலைல நான்தான் பொத்தான் தெச்சேன். நீங்க வேற யார் போட்டோவயோ பாத்திருக்கீங்க."

அரங்கநாதன் போனை எடுத்து நீட்டினார். வளர்மதி பார்த்தாள். "மூஞ்சி எம்புள்ளதான். ஒடம்பு யாருதுன்னு தெரியல."

"ஏமாத்து வேல!" அரங்கநாதன் எழுந்துவிட்டார். "கம்ப்யூட்டர்ல கோட்டு மாட்டிக்குனு பொண்ணு பாக்க வர்றீங்களா? இல்லாத கோட்ட இருக்கறாப்பல காட்டறவன நம்பி எப்படிய்யா பொண்ணு குடுக்கறது?"

அருண்பிரசாத்தும் எழுந்தான். "தப்புதாங்க" என்றான். வளர்மதி பழக்கூடைப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். இன்னும் ஒரு நிமிஷம் போனால் எல்லாம் படியிறங்கிவிடும் என்று பிரவீணாவுக்குத் தெரிந்துபோயிற்று. தட்டை டொக்கென்று வைத்தாள்.

"ரபீக் அண்ணன்கிட்ட கோட்டு மாட்டச் சொன்னது நான்தான் நைனா. டாக்டரு எதுவும் கேக்கல. அங்க மூணு கோட்டுதான் இருக்குது. கறுப்பு ஒண்ணு, சாம்பல் ஒண்ணு..."

அவள் மூன்றாவதைச் சொல்லவில்லை. அரங்கநாதன் கழுத்துப் பித்தானை ஒரு தரம் தொட்டுச் சரிசெய்துகொண்டார். ஞானம்பாளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்னய இன்னாத்துக்குப் பாக்கறீங்க?" என்றாள் ஞானம்பாள். "இந்த வூட்ல தோய்க்கற துணி, இஸ்திரிக்குப் போற துணி எல்லாம் என் கையாலதான் போவுது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கோட்டுன்னு ஒண்ணு வந்ததில்ல. ஒருநாளாவது கேட்டிருப்பனா? உக்காருங்க. காபி ஆறுது."

அரங்கநாதன் உட்கார்ந்தார். காபியைக் குடித்து முடித்தார். ஒருவழியாகக் கனைத்துக்கொண்டு, பேண்ட் பையிலிருந்து இஞ்ச் டேப்பை உருவினார். அது இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை. "இங்க வாங்க தம்பி. திரும்பி நில்லுங்க." முதுகில் டேப்பை வைத்து, ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை இழுத்தார். மறுபடி இழுத்தார். அவர் முகத்தில் கோபம் இருந்த இடத்துக்கு வேறு ஒன்று வந்தது.

"ஷோல்டர் நெசமாவே இருக்குது ஞானம்!" என்றார் அதிர்ந்துபோய். "மாட்ட இழுத்து இழுத்து வந்திருக்கும்போல. இந்த ஒடம்ப வெச்சிக்கினா இந்தச் சட்டைய போடறான்? பாவம்யா இது. வாங்க தம்பி, கடை வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்."

"நைனா, பொண்ணு பாக்க வந்தவரு..."

"பாத்தாச்சில்ல? ஒனக்குப் புடிச்சிருக்குதில்ல? எனக்கும்தான். மீதிய நான் பாத்துக்கறேன்."

பிரவீணா சுவரில் சாய்ந்து நின்றாள். முடிந்துவிட்டது, கிடைத்துவிட்டான். ஞானம்பாளும் வளர்மதியும் நிச்சயத்துக்கு மண்டபம் பார்க்கிற பேச்சுக்கே போய்விட்டார்கள். பஜ்ஜி ஆறியது. மறுபடி சுட்டார்கள். அதுவும் ஆறியது.

ஆண்கள் திரும்பியபோது அருண்பிரசாத்தை அவளுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. வெளிர் நீல முழுக்கைச் சட்டை, விறைத்த காலர், பழுப்பு பெல்ட், அதே பழுப்பில் ஷூ. தலையை யாரோ படிய வாரியிருந்தார்கள். மணிக்கட்டுப் பித்தானைப் போட்டிருந்தான். வியர்த்து ஊற்றியது. வெளியே தெரியவில்லை.

"மாமா சொல்றது எல்லாத்துலயும் ஒரு லாஜிக் இருக்குது பிரவீணா" என்றான், இதுவரை அவள் கேட்டிராத குரலில். "இத்தன நாளா எனக்குத் தெரியவே இல்ல. அந்த வாட்ஸ்அப் குரூப்ல என்னையும் சேத்துட்டாரு." பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தான். அது ஆசைப் பார்வை என்று நினைத்து அவள் தலையைக் குனிந்தாள்.

"இந்தப் பொடவைக்கு அந்த ஜாக்கெட் கலர் கொஞ்சம் அடிக்குது இல்ல மாமா?"

"அதத்தான் நான் காலைலேர்ந்து சொல்றேன் மாப்ள!" என்றார் அரங்கநாதன். "எங்க கேக்கறா?"

இருவரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மடிப்புக் கலையாமல் ஒருசேரப் பேண்டை முழங்காலில் லேசாக இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பிரவீணா அம்மாவைப் பார்த்தாள். ஞானம்பாள் மூன்றாவது தடவையாக வாணலியை அடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னும் தேதி வெக்கல. நல்லா யோசிச்சிக்கோ."