ஓரகத்தி தந்த மரத்துக்குப் புதுத் தலை

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் வளர்க்கப் போகிறேன் என்று ஒருத்தி சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும். நர்ஸம்மா சொன்னபோதும் தெரு சிரித்தது. ஆனால் முகத்துக்கு நேராகச் சிரிக்கவில்லை. என்றைக்காவது கையை வெட்டிக்கொண்டு அவளிடம் போய் நிற்க வேண்டியிருக்குமே! முனையில் இருக்கும் கிளினிக்கில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற அறை அவளுடைய ராஜ்ஜியம். அவள் போட்ட கட்டு தானாக அவிழ்ந்ததாக இதுவரை பேச்சே கிடையாது.

இத்தனைக்கும் அவளுக்கு ஆப்பிள் மீது பெரிய ஆசை ஒன்றும் இல்லை. எல்லாம் ஓரகத்தியால் வந்தது. வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, மலையில் ஆப்பிள் தோட்டத்துக்கே சொந்தக்காரி. வருஷா வருஷம் ஒரு பெட்டிப் பழத்தோடு வந்து இறங்குவாள். பழத்தைக் கொடுத்தோமா போனோமா என்று இருக்க மாட்டாள். சாப்பிடுங்க, உங்க பக்கம் இதெல்லாம் ஏது என்பாள். ஒரு தடவை, கடலோரத்தில் ஆப்பிள் எங்கே விளையும், உப்பு வேண்டுமானால் விளையும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிடித்தது நர்ஸம்மாவுக்கு வைராக்கியம். சொந்த மரத்தில் காய்த்த ஆப்பிளைத் தட்டில் வைத்து அவள் முன்னால் நீட்டியே தீருவது.

விஷயம் காதுக்கு எட்டியதும் ஓரகத்தி அடுத்த முறை ஒரு கன்றையும் கொண்டுவந்து கொடுத்தாள். ரத்தச் சிவப்பில் காய்க்கும் ரகமாம், அவள் தோட்டத்திலேயே அதற்குத்தான் முதல் மரியாதையாம். பஸ் ஓட்டும் வீட்டுக்காரர், அண்ணி கொடுத்தது என்று உருகிப்போய், உப்புக்காற்று படாத, வெயில் நன்றாக விழுகிற மதிலோர இடத்தில் அதை நட்டுவிட்டார். துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் போக அந்தப் பின்கட்டில் இன்னும் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் மிச்சம்.

அந்த ஓர் இடத்துக்கு ரகம் தேர்ந்தெடுக்க நர்ஸம்மா பட்ட பாட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளையே பார்த்திருக்கலாம். ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் தூங்கி எழுந்தால்தான் பூக்கும் என்று செடிக்கடைக்காரர் விளக்கினார். மலை ரகங்களுக்கு நீண்ட தூக்கம் வேண்டும், சில ரகங்களுக்குக் கோழித் தூக்கமே போதும். உடனே அவள் ஒரு தெர்மாமீட்டரைத் துணிக்கொடியில் கட்டி, விடியற்காலையில் எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். துணிக்குக் காய்ச்சலா என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா விசாரித்தாள். நர்ஸம்மா அளவைக் குறித்துக்கொண்டு உள்ளே போனாள். தையல்காரம்மா மதில் மேலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

கோழித் தூக்க ரகங்களில் ‘ட்ராபிகல் பியூட்டி’யை, பேரிலேயே அழகை ஒட்டிக்கொண்டு அலைகிறது என்று ஒதுக்கினாள். ‘ஐன் ஷெமர்’ வாயில் நுழையவில்லை. ‘அன்னா’ வீட்டுப் பெண் மாதிரி இருந்தது, ஒரு பக்கம் சிவக்கவும் செய்யும். தட்டில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று அதையே எடுத்தாள். அது தனியாக நின்றால் சரியாகக் காய் பிடிக்காது, அதே சமயத்தில் பூக்கிற, மஞ்சளாகக் காய்க்கும் ‘டார்செட் கோல்டன்’ மகரந்தம் தரப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆப்பிள் மரம் இருக்கிறது, அது துணைக்கு ஆகட்டும் என்றுவிட்டாள். அது மலை மரம் ஆயிற்றே என்று அவர் இழுத்தார். அதற்குள் அவள் கன்றோடு வாசலைத் தாண்டியிருந்தாள்.

இரண்டும் வளர்ந்தன. கடலோரக் குளிருக்கு இலை தானாக உதிராது என்று, குளிர் தொடங்கியதும் ஸ்டூல் போட்டு ஏறி, இலைகளைக் கையாலேயே உருவிப்போட்டாள். மரத்துக்கு மொட்டை போடுகிறாள் என்று தெரு கண் காது மூக்கு வைத்துப் பேசியது. கொஞ்ச நாளில் அன்னா கொள்ளையாகப் பூத்ததும் பேச்சு அடங்கியது. ஆனால் ஓரகத்தியின் மரம், தூக்கம் போதாமல் எழுப்பிவிட்ட ஆள் மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக இலையைக் காட்டியதோடு சரி. ஒரு மொட்டுகூட இல்லை. துணையில்லாத அன்னாவின் பூ அத்தனையும் கொட்டிப்போயிற்று. அடுத்த வருஷமும் அதே கதை.

மதிலோர மரத்தைப் பிடுங்கிவிட்டு டார்செட்டை வைப்போம் என்றாள். அதுவரை மனைவி சொல்லுக்கு மறுசொல் சொல்லாத மனுஷர் அன்றைக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அண்ணி கையால கொடுத்தது. அதைப் பிடுங்கிட்டு நான் எந்த மூஞ்சியோட அண்ணன் வீட்டுப் படி ஏறுறது?"

நர்ஸம்மா மறுபடி செடிக்கடை படியேறினாள். போன தடவை போன வேகம் இப்போது இல்லை. மரத்தைப் பிடுங்க வேண்டாம், தலையை மட்டும் மாற்றலாம் என்றார் கடைக்காரர். கிளைகளை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் டார்செட் குச்சிகளைச் செருகி ஒட்டுக் கட்ட வேண்டும். பட்டையோடு பட்டை பொருந்த வேண்டும், காற்று புகக் கூடாது. தானே வந்து கட்டித் தருவதாகவும் சொன்னார். கட்டுகிறது என் வேலை, குச்சியை மட்டும் கொடுங்கள் என்றாள்.

அந்த வாரம் மதிலோர மரம் ஆபரேஷன் முடிந்து வந்த நோயாளி போல வெள்ளைக் கட்டுகளோடு நின்றது. எலும்பு முறிவா, எப்போது டிஸ்சார்ஜ் என்று தையல்காரம்மா கேட்டாள். செருகிய குச்சிகளில் ஒன்றுகூட வாடவில்லை என்பதையும் பிறகு தெரு முழுக்கச் சொல்லிவந்தது அவள்தான்.

சில வருஷம் கழித்து இரண்டு மரமும் ஒரே வாரத்தில் பூத்தன. தேனீக்கள் மதிலோர மரத்துக்கும் தொட்டியோர அன்னாவுக்குமாக அலைந்தன. காய் பிடித்து, பருத்து, நிறம் ஏறியதும் நர்ஸம்மா ஓரகத்திக்குப் போன் போட்டாள். அக்கா, இந்தத் தடவை பழப்பெட்டி தூக்கிட்டு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

ஓரகத்தி வந்தாள். நீட்டிய தட்டைக் கவனிக்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போனவள், மதிலோர மரம் இலை மறைவில் காயோடு கனத்து நிற்பதைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். நான் கொடுத்த மரம் என்னை ஏமாற்றுமா என்று மதிலுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி பேசினாள். எங்கள் மண்ணில் பிறந்தது, எங்கே வைத்தாலும் காய்க்கும் என்றாள். தட்டோடு நின்ற நர்ஸம்மாவுக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். இத்தனை வருஷத்துப் பாடு இப்படி அடுத்தவள் கணக்கில் போகிறதே என்று தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பேசிக்கொண்டே ஓரகத்தி ஒரு பழத்தைப் பறித்தாள். கையில் வந்தது ரத்தச் சிவப்பு இல்லை, பளபளவென்று மஞ்சள். பேச்சு நின்றது. பழத்தைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், கிட்டே போய்க் கிளைகளைத் தடவினாள். தோட்டக்காரி விரல் அல்லவா, ஒட்டு விழுந்த இடத்தில் போய் நின்றுவிட்டது.

"தலையை எடுத்துட்டியா?"

வீட்டுக்காரர் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டார்.

"ஆமாக்கா. உங்க மரத்துக்கு இங்க தூக்கம் பத்தல, பாவம். தலையை மட்டும் மாத்தினேன். வேர் உங்களோடதுதான்" என்றாள் நர்ஸம்மா.

ஓரகத்தி ஒவ்வொரு ஒட்டாகத் தேடிப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் தேடினாள் என்பதில் தையல்காரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. தேடத் தேட முகம் மாறிக்கொண்டு வந்தது.

"யாரு கட்டினது இதை?"

"நான்தான்."

"எல்லாத்தையுமா? ஒண்ணுகூடப் போகலையா?"

"போகலக்கா."

ஓரகத்தி பழத்தைக் கடித்தாள். மென்றாள். கொஞ்சம் புளிப்பு என்றாள். அதைச் சொல்லிவிட்டு மிச்சத்தையும் தின்று, நர்ஸம்மாவின் தட்டிலிருந்து அன்னா ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். எங்கள் ஆட்கள் கட்டினால் பாதி காய்ந்துபோகிறது என்று, யாரிடமோ சொல்வது போல மதிலைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் குரலைத் தணித்து, வரும் பருவத்தில் மலைக்கு வந்து நாலு ஆளுக்கு ஒட்டுக் கட்டுவது எப்படி என்று காட்டிக்கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

நர்ஸம்மா தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவசரப்படவில்லை.

"லீவு கிடைக்குதான்னு பாக்கணும்க்கா."

கிளினிக்கில் அவள் எடுக்காமல் விட்ட லீவு எவ்வளவு குவிந்து கிடக்கிறது என்பது மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற தையல்காரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் அவள் வாயே திறக்கவில்லை.