பூஜ்யத்தில் நின்ற திருகு

பெட்டியை அம்மாவின் கழுத்தில் மாட்டிவிட்டு, மூன்றாவது தடவையாக, "இப்பப் பேசும்மா," என்றாள் சின்னவள்.

அம்மா பேசினாள். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு அம்மாவிடம் மிஞ்சியிருந்தது காற்றும் குரலும் கலந்த ஒரு முணுமுணுப்புதான். அதைப் பெரிதாக்கித் தருவதற்காகச் சின்னவளே செய்த பெட்டி அது. வாயோரம் ஒரு குட்டி மைக், நெஞ்சின் மேல் உள்ளங்கை அளவுப் பெட்டி, அதற்குள் பேட்டரியும் ஸ்பீக்கரும். போன வாரம் வரை சமர்த்தாக இருந்த பெட்டி, இன்று அம்மாவின் சொற்களை மென்று துப்பியது. 'முக்கோணம்' என்று அம்மா சொன்னால் 'மு' ஒரு பக்கமும் 'ணம்' ஒரு பக்கமுமாக வந்து விழுந்தது. நடுவில் வெறும் கரகரப்பு.

"நான் பேசறேனா, இல்ல எலி காகிதம் கடிக்குதா?" என்றாள் அம்மா, மைக்கை ஒதுக்கிவிட்டு வெறும் காற்றாக.

மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு அம்மா பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்த பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்பில் கால் மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். காதில் விழுந்தால் பழைய வேலை. விழாவிட்டால் நூலக அறையில் புத்தகங்களுக்கு அட்டை போடும் வேலை.

"அட்டை போடறதுக்கு மூளையையும் சேர்த்து அறுத்து எடுத்திருக்கலாம்," என்று அம்மா அன்றே சொல்லிவிட்டாள்.

சின்னவள் பெட்டியைக் கழற்றித் தன் வாயருகே மைக்கை வைத்து, "ஹலோ, ஒன், டூ, த்ரீ!" என்றாள். கணீரென்று அறை முழுக்கக் கேட்டது. மறுபடி அம்மாவிடம் கொடுத்தாள். எலி காகிதத்தைக் கடித்தது. ஒலியைக் கூட்டிப் பார்த்தாள். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பப் புகுந்து 'கீ...' என்று வீறிட்டது. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

அதே பெட்டி, அதே மைக். மகளுக்குப் பாடுகிறது, அம்மாவுக்கு முரண்டு பிடிக்கிறது. பெட்டிக்குக்கூட ஆள் பார்த்துப் பேசத் தெரியுமா?

போன வாரம் சின்னவள் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். பெட்டி சுடுகிறது, அடுப்பைக் கட்டிக்கொண்டு திரிகிற மாதிரி இருக்கிறது என்று அம்மா புலம்பினாள். சின்னவள் வேலை செய்யும் ஒலிபெருக்கிப் பட்டறையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே சின்னதாக ஒரு திருகு இருக்கும். யாரும் பேசாத நேரத்திலும் டிரான்சிஸ்டர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிற சிறு மின்னழுத்தத்தை, 'பயாஸ்' என்பார்கள், கூட்டிக் குறைப்பது அந்தத் திருகுதான். மைக் செட்டு சுட்டால் அதைக் கடைசிவரை குறைத்துப் பூஜ்யத்தில் விட்டுவிடுவார்கள். சூடு போய்விடும். பேட்டரியும் கூடுதலாக நாலு மணி நேரம் உழைக்கும். பிறகு "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று ஒரு கத்தல். கேட்டால் செட்டு பாஸ். சின்னவளும் அப்படியேதான் செய்து, பேட்டரி தீராமல் இருக்கப் பெட்டியை இன்றைக்கென்று எடுத்து வைத்திருந்தாள்.

பட்டறை முதலாளிக்குப் போன் போட்டாள். மின்சாரம் அவரை அத்தனை தடவை தொட்டுப் பார்த்திருந்ததால் எல்லோருக்கும் அவர் ஷாக் மாஸ்டர்.

"சூடு போச்சுல்ல? அப்புறம் என்ன? பூஜ்யத்துல வெச்சு நம்ம செட்டு எது திரும்பி வந்திருக்கு, சொல்லு பார்ப்போம். அம்மாவைக் கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லு."

"சத்தமாப் பேச முடிஞ்சா பெட்டி எதுக்கு மாஸ்டர்?"

"அதுவும் சரிதான்," என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்து அக்கா. அக்கா ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்குக் கையெழுத்து படிக்கக் கற்றுக்கொடுப்பவள்.

"பயாஸை பூஜ்யத்துல வெச்சா தப்பாக்கா?"

"தப்பா? எங்க வேலையிலயும் பயாஸ்னு ஒரு எண் உண்டு, அதை பூஜ்யத்துலதாண்டி ஆரம்பிப்போம்."

"அப்போ பூஜ்யம் நல்லதா?"

"ஆரம்பத்துக்கு நல்லது. உள்ளே வர்ற ஒவ்வொரு எண்ணையும் ஓர் எடையால பெருக்கிக் கூட்டுவோம், கடைசியா இந்த ஓர் எண்ணையும் சேர்ப்போம். பூஜ்யத்துலயே நின்னுட்டா, உள்ளே ஒண்ணும் வராதப்போ கூட்டுத்தொகையும் பூஜ்யம்தான், எடை என்னவா இருந்தாலும். ஆனா கத்துக்கக் கத்துக்க அதுவே வேண்டிய இடத்துக்கு நகர்ந்துக்கும். உன்னுது எப்படின்னு எனக்குத் தெரியாதும்மா. ரெண்டும் ஒண்ணு இல்ல. குழப்பிக்காதே."

இனிக் குழப்ப வேறு யார் மிச்சம்? ஒருத்தர் பூஜ்யத்திலேயே விடு என்கிறார். இன்னொருத்தி பூஜ்யம் ஆரம்பம் என்கிறாள். அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

சின்னவள் பெட்டியை முகத்தருகே தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, அடிக்குரலில், "உனக்கு என்னதான் வேணும்?" என்றாள்.

"...ன ...தா ...ம்?" என்றது பெட்டி.

இப்போது மென்று துப்பியது அவள் குரலை. இன்னும் மெல்லப் பேசினாள். ஒன்றுமே வரவில்லை. உரக்கப் பேசினாள். கணீர்.

பெட்டி ஆள் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் பார்த்தது. தூங்குகிற டிரான்சிஸ்டரை எழுப்ப ஓங்கித் தட்டவேண்டும். கத்துகிறவன் கதவை உடைத்துக்கொண்டு போய்விடுவான். முணுமுணுப்பு வாசலிலேயே நின்றுவிடும். பட்டறையில் இருந்து போகிற செட்டுகள் எல்லாம் கூட்டங்களில் கத்துவதற்கே போகிறவை. அங்கே மெல்லப் பேசிச் சோதித்தவர் ஒருவரும் இல்லை. அக்காவின் பூஜ்யம் தானாக நகருமாம். இந்தத் திருகு, சின்னவள் விட்ட இடத்திலேயே ஒரு வாரமாக நிற்கிறது. யார் நகர்த்துவார்கள்?

திருப்புளியை எடுத்தாள். ஒரு மயிரிழை திருப்பி, "முக்கோணம்" என்று கிசுகிசுத்தாள். 'மு... ணம்.' இன்னொரு மயிரிழை. 'முக்ணம்.' இன்னும் கொஞ்சம். 'முக்கோணம்' முழுசாக வந்தது. பெட்டியின் முதுகு வெதுவெதுப்பானது.

"சுடும்மா."

"சுடட்டும்," என்றாள் அம்மா, பெட்டி வழியாக, ஓரெழுத்து குறையாமல். பெட்டிக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டாள்.

ஏழாம் வகுப்பின் வராந்தா ஜன்னலை ஒட்டிச் சின்னவள் நின்றாள். உள்ளே நாற்பது பிள்ளைகள். கடைசி பெஞ்சில், பிள்ளைகளுக்கான பலகையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார் தலைமை ஆசிரியை. அம்மா மூன்று கோணங்களையும் கூட்டினால் என்ன வரும் என்று கேட்டாள். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் நூற்றெண்பது என்றான்.

அம்மா கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கோடு இழுத்தாள். சாக்பீஸ் கீச்சென்று இரண்டாக உடைந்தது. அம்மா தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"சாக்பீஸ் வாங்கறதுலகூடக் கஞ்சத்தனம். இந்தம்மா மாறவே மாட்டாங்க."

பெட்டி அதையும் பெரிதாக்கியது. ஓரெழுத்து குறையாமல்.

நாற்பது பிள்ளைகளும் வெடித்துச் சிரித்தார்கள். அம்மா பெட்டியைக் கையால் பொத்தினாள். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், நோட்டில் ஏதோ எழுதினார், எழுந்து வெளியே வந்தார்.

"பெட்டி நீ செஞ்சதா?"

சின்னவள் தலையாட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒவ்வொரு எழுத்தும் கேட்டுது," என்றார் அவர். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "திங்கக்கிழமை நல்ல சாக்பீஸ் இருக்கும்னு உங்கம்மாகிட்டச் சொல்லிடு."

அவர் படிக்கட்டை நோக்கி நடந்தார். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா? சின்னவள் இரண்டுக்குமாக வாயைத் திறந்தாள். அதற்குள் வகுப்பறை ஜன்னலிலிருந்து பெட்டி வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கிசுகிசுத்தது.

"போயிட்டாங்களாடி?"

முதல் படியில் கால் வைத்த தலைமை ஆசிரியை அங்கேயே நின்றார்.